மெக்கானிக்கல் படித்துவிட்டு கெமிக்கலில் பிஎச்டியா?

[திரையில்: எவர்சில்வர் டம்ளர். சூடான பால். மேலே டிகாக்‌ஷன் விழுகிறது.]

வணக்கம். இந்த டம்ளரைக் கொஞ்சம் பாருங்கள். பாலை ஊற்றி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விளிம்பு வரை சூடு ஏறி விரலைச் சுடுகிறது. டிகாக்‌ஷனை விட்டு, ஆற்றாமல் அப்படியே வைத்துவிட்டால் அந்தப் பழுப்பு நிறம் தானாகவே மெல்லப் பாலுக்குள் பரவுகிறது. (சூடான பால் உள்ளுக்குள் சுழன்றுகொண்டும் இருக்கும், அது தனிக்கதை, இப்போதைக்கு விடுங்கள்.)

டம்ளரில் சூடு ஏறியதற்கு ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 1822-இல் கணக்கு எழுதிவிட்டார். மெக்கானிக்கலில் ஹீட் டிரான்ஸ்ஃபர் என்று நடத்துவது அதைத்தான். டிகாக்‌ஷன் பரவியதற்கு 1855-இல் ஃபிக் எழுதினார், அது கெமிக்கல்காரர்களின் மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் வரும். ஃபிக் இன்ஜினியரே கிடையாது, மருத்துவம் படித்த உடலியல்காரர். ஃபூரியேயின் சமன்பாட்டில் வெப்பநிலை இருந்த இடத்தில் செறிவைப் போட்டுப் பார்த்தார், பொருந்திவிட்டது!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பிஇ மெக், பிஎச்டி மட்டும் கெமிக்கலில் பண்ணலாமா, எல்லாத்தையும் முதலிலிருந்து படிக்கணுமா?" என்று கேட்பவர்கள் பாதிப் பாடத்தை ஏற்கெனவே வேறு பெயரில் படித்து முடித்திருக்கிறார்கள். பயம் எல்லாம் மீதிப் பாதியைப் பற்றியதுதான்.

[திரையில்: 1979 – 1985 – 1993 – 2018]

ஃபிரான்சஸ் ஆர்னால்டு. 1979-இல் பிரின்ஸ்டனில் மெக்கானிக்கல் – ஏரோஸ்பேஸ் பட்டம். அப்புறம் கொலராடோவில் சூரிய ஆற்றல் ஆய்வு நிலையத்தில் வேலை. அங்கிருந்து பெர்க்லிக்குப் போய் 1985-இல் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்டி முடித்தார். 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சப்டிலிசின் என்று ஒரு என்சைம் இருக்கிறது, புரதத்தை வெட்டும். சலவைப் பவுடரில்கூட இந்த வகை என்சைம்களைப் போடுகிறார்கள். தண்ணீரில் நன்றாக வேலை செய்யும், டிஎம்எஃப் என்ற கரைப்பானில் போட்டால் படுத்துவிடும். அந்தப் புரதச் சங்கிலியில் எந்தக் கண்ணியை, அதாவது எந்த அமினோ அமிலத்தை, மாற்றினால் சரியாகும் என்று யோசித்து யோசித்து மாற்றிப் பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். ஆர்னால்டும் அப்படித்தான் தொடங்கினார், சரிப்பட்டு வரவில்லை. அதனால் ஜீனில் கண்டபடி மாற்றங்கள் செய்து, பாக்டீரியாவுக்குள் விட்டு, டிஎம்எஃப்பும் பாலில் இருக்கிற கேசீன் புரதமும் கலந்த தட்டில் வளர்த்தார். எந்தப் பாக்டீரியாவின் என்சைம் கேசீனை நன்றாக வெட்டுகிறதோ அதை எடுத்து, மறுபடியும் மாற்றி, மறுபடியும் தேர்வு. 1993-இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாவது தலைமுறையில் கிடைத்த ஒன்று டிஎம்எஃப்பில் பழைய என்சைமைவிட 256 மடங்கு நன்றாக வேலை செய்தது. அதில் மாறியிருந்தவை பத்து இடங்கள், அந்தப் பத்தையும் உட்கார்ந்து யோசித்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதெல்லாம் விஞ்ஞானமா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். என்னைக் கேட்டால் அது ஒர்க்‌ஷாப் புத்தி: ஏன் ஓடுகிறது என்பது அப்புறம், முதலில் ஓடுகிறதா என்று பார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

எம்டெக், பிஎச்டி சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வில் நீங்கள் பிஇ-யில் எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை, எந்தப் பேப்பரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எந்தப் பேப்பர் எழுதியவர்களை எடுப்போம் என்பதைப் பிஎச்டி டிபார்ட்மென்ட்தான் முடிவு செய்யும், அதனால் அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். இன்டர்வியூவில் "ஏன் பிரிவு மாறுகிறீர்கள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், "ஆர்வம் சார்" என்ற பதில் எடுபடாது. "சிஎஃப்டி (கம்ப்யூட்டரில் திரவ, வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் முறை) தெரியும், உங்கள் ரியாக்டரில் ஓட்டத்தைக் கணக்கிட அது வேண்டும், ரியாக்‌ஷன் கைனடிக்ஸ் (வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்ற கணக்கு) தெரியாது, முதல் செமஸ்டரில் அந்தக் கோர்ஸ் எடுப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு பக்கம் திரும்பும்.

சேர்ந்த பிறகு உண்மையான கண்டம் காம்ப்ரிஹென்சிவ் வைவா, அதாவது அடிப்படைப் பாடங்களில் நடக்கும் வாய்மொழித் தேர்வு. அங்கே உங்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அந்த டிபார்ட்மென்டின் பையன்கள் மூன்றாம் ஆண்டில் படித்ததைக் கேட்பார்கள். தெர்மோ தெரியும் என்று தெம்பாகப் போய் உட்கார்வீர்கள், ஃபியூகாசிட்டி (நிஜ வாயுவுக்காகத் திருத்தி எடுத்துக்கொள்ளும் அழுத்தம்) என்றால் என்ன என்று கேட்டதும் முழிப்பீர்கள். மெக் தெர்மோவில் அந்த வார்த்தை தலைகாட்டுவதே அரிது.

[திரையில்: "ரெலவன்ட் பிராஞ்ச்"]

கடைசியாக இந்த இரண்டு வார்த்தைகள். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு விதி போடும் ஏஐசிடிஇ-யின் 2019 விதிகளின்படி இன்ஜினியரிங் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆக பிஇ, எம்இ இரண்டும் ரெலவன்ட் பிராஞ்சில், அதாவது அந்தப் பாடத்துக்குத் தொடர்புடைய பிரிவில், இருக்க வேண்டும். மெக்கில் பிஇ முடித்து நேரடியாகக் கெமிக்கலில் பிஎச்டி வாங்கியவரை மெக் டிபார்ட்மென்டும் "நீங்க கெமிக்கல் ஆச்சே" என்று திருப்பி அனுப்பலாம், கெமிக்கல் டிபார்ட்மென்டும் "பிஇ மெக் ஆச்சே" என்று கையை விரிக்கலாம். கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவுக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வாத்தியார் வேலைதான் கனவு என்றால் மட்டும், சேருவதற்கு முன்பே அந்த லேபில் பிஎச்டி முடித்துப் போனவர்கள் இப்போது எந்த டிபார்ட்மென்டில் பாடம் நடத்துகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். கைடிடம் கேட்பதைவிட அங்கே நான்காவது வருடத்தில் இருக்கிற சீனியரை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள்.