எந்த மைதானத்தில்?

வணக்கம் நேயர்களே.

2023 ஓகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. எங்கள் கழகப் பொடியன்கள் ஆறேழு பேர் என் வீட்டு விறாந்தையில் ஒரு கைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் அப்போது சனிக்கிழமை இரவு. லீக்ஸ் கிண்ண இறுதியாட்டம். மெஸ்ஸி விளையாடுகிறார் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு நித்திரை எங்கே வரும்?

23ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி ஒரு கோல் அடித்தார். பிற்பாதியில் நாஷ்வில் அணி அதைச் சமப்படுத்தியது. 1 – 1. பிறகு சமநிலை தவிர்ப்பு உதைகள். இரண்டு அணியிலும் பதினொரு பேரும் உதைத்து முடிக்கும் வரை போனது. கடைசியில் கோல் காப்பாளர்களின் முறை. மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமி கழகத்தின் காப்பாளர் ட்ரேக் கலெண்டர் தன் உதையை வலைக்குள் போட்டுவிட்டு, எதிரணிக் காப்பாளரின் உதையைத் தடுத்தார். 10 – 9. என் விறாந்தையில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மெஸ்ஸி அந்தக் கழகத்துக்கு முதல் ஆட்டம் ஆடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தொடரில் ஏழு ஆட்டங்களில் பத்து கோல்கள்.

சத்தம் அடங்கியதும் ஒரு பொடியன் கேட்டான்: "சேர், இது ரண்டு நாட்டு லீக்குப் போட்டியெண்டு சொன்னனீங்கள். மெக்சிக்கோக்காரர் எங்கை?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லீக்ஸ் கிண்ணம் 2019இல் எட்டுக் கழகங்களோடு தொடங்கியது. அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கிலிருந்து நான்கு, மெக்சிக்கோவின் லீகா எம்.எக்ஸ். லீக்கிலிருந்து நான்கு. எம்.எல்.எஸ்.ஸில் ரொறன்ரோ, மொன்றியல், வன்கூவர் என்று கனடாக் கழகங்களும் இருப்பதால், கணக்குப் பார்த்தால் மூன்று நாடுகள். 2019இல் குரூஸ் அசூல், 2021இல் லியோன் என்று முதல் இரண்டு கிண்ணங்களும் மெக்சிக்கோவுக்கே போயின. 2023இல் போட்டியைப் பெருப்பித்தார்கள். இரண்டு லீக்குகளும் ஒரு மாதம் தங்கள் சொந்த ஆட்டங்களை நிறுத்திவிட்டு 47 கழகங்களையும் களத்தில் இறக்கின. அயல்நாட்டோடு விளையாடுவதற்காக ஒரு லீக் முழுவதையுமே நிறுத்துவது சின்ன விஷயமில்லை. அதற்கு நான் மனதார மரியாதை கொடுக்கிறேன்.

ஆனால் 2023, 2024, 2025 ஆகிய மூன்று வருடமும் ஆட்டங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் கனடாவிலுமே நடந்தன. மெக்சிக்கோவில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருட அரையிறுதிகளில் பன்னிரண்டு இடங்கள். அவற்றில் மெக்சிக்கோவுக்குக் கிடைத்தது ஒன்று, 2023இல் மொன்ரெரே. கிண்ணத்தை மயாமி, கொலம்பஸ், சியாட்டில் என்று மூன்று அமெரிக்கக் கழகங்கள் எடுத்தன. 2025இல் காலிறுதி நான்கிலும் ஒரு பக்கம் மெக்சிக்கக் கழகம் நின்றது. நான்கும் தோற்றன, அதில் இரண்டு தண்ட உதையில்.

சரி, மெக்சிக்கோக்காரர் பலவீனமாகிவிட்டார்களா? அதே கழகங்கள் ஆடும் இன்னொரு போட்டியைப் பாருங்கள். வட, மத்திய அமெரிக்க, கரீபியப் பிராந்தியத்தின் சம்பியன்ஸ் கிண்ணம். பெரும்பாலும் எங்கள் ஊரில் ஒன்று, உங்கள் ஊரில் ஒன்று என்ற முறையில் நடப்பது. 2006 முதல் 2021 வரை ஒவ்வொரு முறையும் மெக்சிக்கக் கழகமே வென்றது. 2022இல் சியாட்டில் அதை உடைத்தது. பிறகு மறுபடி லியோன், பச்சூக்கா, குரூஸ் அசூல். 2025 இறுதியாட்டம் மெக்சிக்கோ நகரில். வன்கூவரை 5 – 0 என்று குரூஸ் அசூல் அடித்தது. லீக்ஸ் கிண்ணத்தில் காணாமற்போகிறவர்கள்தான் இங்கே ராசா.

மைதானம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். போட்டி நடக்கும் மாதத்தில் அமெரிக்கக் கழகங்கள் பருவத்தின் நடுவில் உடல் சூடேறி நிற்கின்றன. மெக்சிக்கோவில் புதுப்பருவம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். ஆனாலும் மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே. டொலூக்கா அதைவிட உயரம். அங்கே போகிறவனுக்கு எழுபதாவது நிமிடத்தில் மூச்சு முட்டும். அந்தப் பலத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் அந்த மூன்று வருடமும் அவர்கள் விமானம் ஏறினார்கள்.

ஏன் சம்மதித்தார்கள்? அமெரிக்காவில் மெக்சிக்க வம்சாவளியினர் மூன்று கோடிக்கும் மேலே. நுழைவுச்சீட்டு வாங்குவதும் மேலங்கி வாங்குவதும் அவர்கள். இது எங்களுக்கு விளங்காத கதையா? ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் ஊர்க் கழகங்களின் பெயரில் கோடை தோறும் சுற்றுப்போட்டி நடக்கிறதே. பிறந்த ஊரின் மேலங்கியைப் பார்த்தால் கண் கலங்குகிற சனம் எங்கே இருக்கிறதோ, அங்கே பந்து போகும். அதில் பிழையில்லை. ஆனால் லியோனில் இருக்கிற ஒரு சிறுவனுக்குத் தன் கழகத்தை அந்த ஒரு மாதமும் திரையில்தான் பார்க்க முடிந்தது. எனக்கு மனம் கேட்காத இடம் அதுதான்.

எனக்கு அது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக்காரன். 1990இல் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. மைதானம் போனது, கழகம் போகவில்லை. இருந்த இடங்களிலெல்லாம் ஆள் சேர்த்து, அடுத்தவர் மைதானத்தில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பந்தடித்தோம். எத்தனையோ வருடம் எங்களுக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான்.

மைதானம் இல்லாதவனுக்குத்தான் மைதானத்தின் அருமை தெரியும். எங்கள் பழைய மைதானத்தில் இடதுபக்க மூலையில் மணல். பந்து அங்கே விழுந்தால் எழும்பாது. எங்கள் ஆட்கள் எதிரணியை அந்த மூலைக்கே தள்ளிக்கொண்டு போவார்கள். சோளகம் பலமாக அடிக்கிற மாதங்களில் எந்தப் பாதியில் காற்றை முதுகுக்கு எடுப்பது என்று கப்டன் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கம்பத்துக்குப் பின்னால் பூவரசு நிழலில் எங்கள் அப்புமார் நின்று ஏசுகிற ஏச்சில் கால் தானாக ஓடும். இதெல்லாம் எந்தப் பயிற்சியிலும் வராது.

ஒருமுறை ஒரு ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டியில் அரையிறுதி வரை வந்தோம். நடத்திய கழகத்தோடு, அவர்கள் மைதானத்திலேயே ஆட்டம். தண்ட உதையில் தோற்றோம். திரும்பி வரும் வழியில் சைக்கிள் பாரில் இருந்த எங்கள் காப்பாளன் ஒரேயொரு வசனம் சொன்னான்: "எங்கடை கிறவுண்ட் எண்டால் விட்டிருக்க மாட்டன்." அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை.

அப்புறம், எங்கள் அயல். பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கமும் உதைபந்துப் பைத்தியங்கள் இருக்கிறோம். சென்னையின் எஃப்.சி. 2015, 2018 என்று இரண்டு முறை இந்திய சுப்பர் லீக்கை வென்ற கழகம். இந்தப் பக்கம் நாவாந்துறை, குருநகர், இளவாலை, ஊரெழு என்று பெயரைச் சொன்னாலே பந்துச் சத்தம் கேட்கும். ஆனால் இரு நாட்டுக் கழகங்கள் நேருக்கு நேர் நிற்பது எத்தனை தடவை? 2022இல் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் எங்கள் புளூ ஸ்ரார் கழகம் கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானிடம் 5 – 0 என்று தோற்றது. பதில் ஆட்டம் இல்லை. அங்கே ஒன்று, முடிந்தது கதை.

2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் வந்தது. நாலைந்து மணித்தியாலப் பயணம். ஒரு அணி அதில் ஏறி வந்து விளையாடிவிட்டுப் போகலாம். பெரிய லீக் வேண்டாம், 47 கழகம் வேண்டாம். அங்கே நாலு கழகம், இங்கே நாலு கழகம். ஒவ்வொரு சோடியும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. உதைபந்தாட்டச் சங்கங்களில் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நான் எந்த வேலைக்கும் வரத் தயார்.

இராணுவத்திடமிருந்து எங்கள் நிலம் பகுதி பகுதியாக விடுபட்டபோது மைதானமும் திரும்பக் கிடைத்தது. பற்றை வெட்டி, கல் பொறுக்கி, கம்பம் நட்டோம். பூவரசு இல்லை. மணல் மூலை அப்படியே இருக்கிறது. நாகபட்டினத்திலிருந்து ஒரு அணி வந்து இறங்கினால், ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூலையைக் காட்டிவிடுவேன்.

வணக்கம்.