கம்பி இல்லாத ஊர்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிப் பெரியவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், மழை மிரட்டியும் எழுந்து போகாமல் இந்தப் பழங்காநத்தம் தெருவில் பிள்ளையார் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"பொன்விழாத் தம்பதிக்கு நிறைவு தருவது அடிக்கடி போகும் கப்பல் பயணமா, பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்பதா?" இன்றைக்கு இதுதான் தலைப்பு. கப்பல் பயணமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆடிட்டர் ஐயா கணக்கோடு வந்தார். வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறினால், பத்து வருடத்தில் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பணம் தண்ணீரோடு போகும், அது பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது என்றார். ஐயா, நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளை நான்தான். என் அப்பாவும் அம்மாவும் போன வருடம் ஆவணியில் பொன்விழா கண்டவர்கள். 2022லிருந்து நான்கு முறை கப்பலில் போய்வந்தவர்கள். எனக்குச் சேர வேண்டியது என்று நீங்கள் சொல்கிற பணத்தில்தான் போனார்கள். அது ஒருநாளும் என் பணமாக இருந்ததில்லை என்று சொல்வதற்காகவே இந்த மேடைக்குப் பெயர் கொடுத்தேன்.

அது யார் பணம் என்று சொல்கிறேன். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மழை பெய்தால் எல்லார் வீட்டிலும் ஆண்கள் உள்ளே வருவார்கள். எங்கள் வீட்டில் அப்பா வெளியே போவார். கரண்ட் போனால் நாங்கள் சிம்னி விளக்கைத் தேடுவதற்கு முன்னால் அம்மா அவருடைய ரெயின்கோட்டைத் தேடுவார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரே ஆற்றில் நிற்கும், அப்பா ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மர் அடியில் நிற்பார். தீபாவளி அன்றும் அப்படித்தான். 1974இல் கல்யாணம், 2006இல் ஓய்வு. இந்த 32 வருடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, நடுவில் யாரும் எழுந்து போகாமல் சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாடு எத்தனை என்று அம்மாவைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்றதும் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தோம். மாறவில்லை. அப்பாவின் ஓட்டம் நின்றது, அம்மாவின் அடுப்பு நிற்கவில்லை. எனக்கு இரண்டு பிரசவம், தம்பிக்குக் கல்யாணம், சென்னையில் தம்பி வாங்கிய வீட்டுக்கு முன்பணம், பேரப்பிள்ளைகள் வளர்ப்பு. அதற்குள் இன்னொரு 15 வருடம் ஓடிவிட்டது. அவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது, ஓய்வு மட்டும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மருத்துவச் செலவுக்கென்று தனியாக டெபாசிட் போட்டு வைத்த பிறகு, தபால் அலுவலகத்தில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. கட்டினார்கள். வருடத்துக்கு 60,000. கப்பலுக்கு ஒதுக்கியது அவ்வளவுதான். இதில் நானோ தம்பியோ எந்த மூஞ்சியோடு பங்கு கேட்பது?

அடுத்து, பேராசிரியர் அம்மா ஒன்று கேட்டார். கல்யாண நாள் என்றால் கோயிலும் உறவும்தானே, கடலுக்கு என்ன வேலை என்றார். அம்மா, 60க்குத் திருக்கடையூர் போனார்கள். 70க்கு பீமரத சாந்தியும் நடந்தது. அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் என் அம்மா என்ன செய்தார் தெரியுமா? மாலையும் கழுத்துமாக நின்றபடியே, வந்தவர்களுக்கு இலை போட்டாச்சா, ஊர்க்காரர்கள் வேன் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விழா அவர்களுக்கு, வேலையும் அவர்களுக்கு. உறவோடு கொண்டாட வேண்டிய நாள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இருவர் மட்டும் இருக்க வேண்டிய நாள் ஒன்றாவது வேண்டாமா?

அதோடு, மதுரையில் நின்றுகொண்டு தம்பதி தண்ணீரில் போவது நம் வழக்கம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம் யாருக்காக? தை மாதத் தெப்பத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மைய மண்டபத்தைச் சுற்றி மிதந்து வருகிறார்களே, அதைப் பார்க்க எத்தனை ஆயிரம் பேர் படிக்கட்டில் உட்காருகிறோம்! குளத்தில் தண்ணீர் இல்லாத வருடங்களில் நிலைத்தெப்பம் என்று ஓரிடத்தில் நிறுத்தி வைப்பார்கள். வயதானவர்கள் அதைப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. சாமியானாலும் தெப்பம் நகர வேண்டும் என்றுதானே நாம் ஆசைப்பட்டோம்.

சரி, முதல் பயணத்துக்கு வருகிறேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1990இல் கட்டிய கப்பல், 11 தளம். அந்த வருடம் ஆவணியில், கல்யாண நாளுக்கு இரண்டு ராத்திரிப் பயணத்தில் அப்பாவும் அம்மாவும் ஏறினார்கள். ஜன்னல் இல்லாத உள் அறைதான், அதுதான் விலை குறைவு. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஏழு முறை குறுகலாகவும் ஒருமுறை நீளமாகவும் சங்கு ஊதி, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று எல்லாருக்கும் பயிற்சி கொடுப்பார்கள். அப்பா அதைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கவனமாகக் கேட்டாராம். அப்புறம் மேல்தளத்துக்குப் போய் அத்தனை விளக்குகளையும் அண்ணாந்து பார்த்தார். கடலுக்குள் போன பிறகு, கரையிலிருந்து அந்தக் கப்பலுக்கு ஒரு கம்பி கிடையாது. தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் கப்பலே தயாரித்துக்கொள்கிறது. ஓர் ஊர் அளவுக்கு வெளிச்சம், அதில் ஒரு மின்கம்பம் இல்லை. "இங்க கரண்டு போனா என்னைக் கூப்பிட ஆள் இல்லை" என்று அம்மாவிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று அம்மா எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார். அதை இந்த மேடையில் என்னால் செய்துகாட்ட முடியாது.

அம்மா என்ன செய்தார்? விடிகாலை நாலரைக்கு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பால் காய்ச்ச வேண்டாம், தண்ணீர் பிடிக்க வேண்டாம், வாசல் தெளிக்க வேண்டாம். என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பா "படு" என்றார். படுத்தார், தூக்கம் வரவில்லை. இரண்டு நாளும் அதே கதைதான். எதிரணித் தம்பி கேட்டாரே, ஒருமுறை போனால் போதாதா, எதற்கு அடிக்கடி என்று? தம்பி, இதுதான் பதில். ஐம்பது வருடப் பழக்கம் ஒரே பயணத்தில் விடாது. மறு வருடம் இலங்கைக்கு அதே கப்பல் போனபோது, மூன்றாம் நாள் காலையில் என் அம்மா ஏழு மணி வரை தூங்கினார். காய்ச்சல் இல்லாமல் அவர் ஏழு மணி வரை தூங்கியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அந்தப் பயணத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை பார்த்தார்கள். ஊர் பார்த்ததைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் ராத்திரி, மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, பல வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் தன்னோடு வேலை பார்த்தவர் கம்பத்திலிருந்து விழுந்ததை அப்பா முதல்முறையாக அம்மாவிடம் சொன்னார். கீழே நின்று பிடித்தவர் அப்பாதான். அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. செல்போனில் சிக்னல் இல்லை, டிவி இல்லை, காலிங் பெல் அடிக்கவில்லை. நடுராத்திரி வரை பேசியிருக்கிறார். ஆடிட்டர் ஐயா, இந்த ஒரு ராத்திரியை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள், வரவிலா செலவிலா?

எழுபது தாண்டியவர்களுக்குக் கடலில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். பொறுப்பான கேள்வி. என் அப்பாவுக்கு முழங்கால் வலி. கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இரண்டு நாளில் வேனில் சுற்றியபோது, ஏறி இறங்கியே வீங்கிவிட்டது. கப்பலில் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஊர்தான் நம்மிடம் வருகிறது. லிப்ட் இருக்கிறது. டாக்டரும் மருத்துவ அறையும் இருக்கிறது. ஆட்டம் குறைவாக இருக்கும் என்று கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையாகக் கேட்டு வாங்குவோம், பயணக் காப்பீடு எடுக்காமல் அனுப்பமாட்டோம். எல்லாக் கப்பலும் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசுக் கப்பலில் போனபோது, கவரத்தி, கல்பேனி, மினிக்காய்த் தீவுகளுக்குத் தள்ளிக் கப்பலை நிறுத்தி, சிறு படகில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். அலையில் ஆடும் படகில் கால் வைக்க கல்பேனியில் அம்மாவால் முடியவில்லை. இருவருமே இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு. இனி துறைமுக மேடையிலேயே நிற்கும் கப்பலாகப் பார்த்துத்தான் பதிவு செய்வேன்.

எதிரணி சொன்னதில் எனக்கு மறுப்பில்லாத ஒன்று, கப்பல் புகை. உலகம் முழுக்கக் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, 2020 ஜனவரி முதல் 0.5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். அது போதாது, இன்னும் குறைக்கத்தான் வேண்டும். அதைக் கேட்க நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்போம்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். பினாங்கைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது ஐயா, இரண்டு நிமிடம் கொடுங்கள்.

என் அம்மாவின் அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வணிகக் கூடத்தில், கணக்கு எழுதினார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், சில மாதம் இருப்பார், திரும்பிவிடுவார். அந்தக் காலத்தில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது ரஜூலா கப்பல். 1926இல் வந்து 1970கள் வரை நம் பக்கத்து ஆட்களை ஏற்றிப்போன கப்பல். அதில் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களில் தாத்தாவும் ஒருவர். அம்மாவுக்கு எட்டு வயதிருக்கும்போது வழியனுப்ப நாகப்பட்டினம் போயிருக்கிறார். கப்பல் தூரத்தில் நிற்கிறது. படகில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். படகு சின்னதாகிச் சின்னதாகி, அதில் எது அப்பா என்று தெரியாமல் போன வரைக்கும் கரையில் நின்றிருக்கிறார். என் பாட்டி கணவரோடு வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் பத்து வருடம் தேறாது. எங்கள் வீட்டில் கப்பல் என்றால் அது ஆளைப் பிரித்துக்கொண்டு போவது. முதல்முறை டிக்கெட் எடுத்தபோது, வேண்டாம் என்று அம்மா அழுததற்குக் காரணம் எங்களுக்கு அப்போது தெரியாது.

பொன்விழாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டோம். அம்மா பினாங்கு என்றார். மதுரையிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது, அந்த டிக்கெட்டை நானும் தம்பியும் எடுத்தோம். சிங்கப்பூரில் கப்பலேறி, கல்யாண நாளன்று காலை பினாங்கில் இறங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் மேடையிலிருந்து குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். 1833இல் கட்டிய கோயில். தாத்தா கடிதத்தில் எழுதுவாராம், வெள்ளிக்கிழமை அம்மனைக் கும்பிட்டேன், உங்கள் எல்லோருக்கும் வேண்டிக்கொண்டேன் என்று. அந்தக் கோயில் வாசலில் அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். அர்ச்சனை யார் பெயரில் என்று குருக்கள் கேட்டதற்கு, முதலில் தன் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தங்கள் பெயர்.

சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது இருவரும் மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரை சின்னதாகிக்கொண்டே வந்தது. இந்த முறை கப்பலில் நின்றது அம்மா, பக்கத்தில் அப்பா. எனக்கு அனுப்பிய போட்டோ ஒன்றே ஒன்றுதான். அதில் இருவர் முகமும் இல்லை. யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தது. இரண்டு முதுகு, அதற்கு அந்தப்பக்கம் கடல். அப்பாவின் கை அம்மாவின் தோள்மேல் இருக்கிறது. என் அப்பா என் அம்மாவின் தோளில் கை போட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்தப் போட்டோவுக்கு ஈடாக எனக்கு எந்தப் பிளாட்டும் வேண்டாம் ஐயா.

தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். உடனே அவர்களுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், சென்னையில் ஏறிவிட்டார்கள். 51ஆம் வருடம். இரண்டு ராத்திரிப் பயணம், இப்போது நடுக்கடலில் இருப்பார்கள், போன் எடுக்காது. நாளைக் காலை கரை இறங்கியதும் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.