வெங்களூர் ஏரிக்குக் கீழே

எல்லோருக்கும் வணக்கம். கல்வெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் காபிக்கு எழுந்துவிட்டார்கள். பரவாயில்லை, அவர்கள் திரும்பி வரும்போதும் நான் நம் பெங்களூரின் தென்கோடிப் பேகூரில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். "சுற்றுலா என்றால் ஹம்பி, ஹளேபீடு என்று போகாமல் பேகூருக்கா? அங்கே டவுன் பஸ்ஸே போகுமே சார்" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். டவுன் பஸ் போகிற இடம் என்பதால்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பசியோடு வந்த ஹொய்சள அரசர் வீர வல்லாளனுக்கு ஒரு பாட்டி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்தகாளூரு' (வெந்த பயறு ஊர்), அதுவே பெங்களூரு. இந்தக் கதை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த அரசர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டத்துக்கு வந்தவர். பேகூர்க் கோயில் வளாகத்து வீரக்கல்லோ, அதாவது போரில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லோ, கங்க அரசர்கள் காலம், சுமார் கி.பி. 890. பழங்கன்னடத்தில் 'பெங்களூரு போர்' என்று அதில் வெட்டியிருக்கிறது. பாட்டி உலை வைப்பதற்கு ஏறக்குறைய 300 வருஷம் முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது!

"அப்ப பாட்டி பொய்யா சார்?" என்று ஒரு பையன் முகம் வாடிக் கேட்டான். பாட்டியும் இருந்திருக்கலாம், பயறும் இருந்திருக்கலாம், பெயர்தான் முந்தியது என்றேன். அவன் சமாதானம் ஆகவில்லை.

அப்புறம் பெங்களூரிலேயே இருக்கிற மடிவாளா. சில்க் போர்டு நெரிசலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ். டார்ச்சை நேராக அடித்தால் வெறும் கல்தான் தெரியும். மொபைலைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்தது. "சார், இது நம்ம ட!" என்று கத்தினாள் ஒரு பெண். வீட்டில் பாட்டியிடம் தமிழ் எழுத்து படித்தவள். அடுத்த எழுத்திலேயே திணறினாள். அந்தக் காலக் கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி வைப்பது அபூர்வம், வார்த்தைக்கு நடுவே இடைவெளியும் கிடையாது.

கர்நாடகக் கல்வெட்டுகளைத் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' நூலின் ஒன்பதாம் தொகுதி ஜெராக்ஸ் கையில் இருந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்த செய்தி அது. வெங்களூர் என்பது பெங்களூர்தான், வேப்பூர் என்பது பேகூர்தான் என்றதும் பிள்ளைகள், "காலையில பார்த்த ஊரா!" என்றார்கள். அந்த ஏரி எங்கே என்று அடுத்த கேள்வி. நான் பஸ் ஏறச் சொன்னேன்.

இன்னொரு கோயிலில், பெயர் வேண்டாம், எழுத்து மேலேயே ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டு பேர் நகத்தால் சுரண்டப் பார்த்தார்கள். அதட்டி நிறுத்தினேன். பெயிண்டை விட நகம் மோசம்.

அடுத்த வாரம் அந்த 'ட' பெண்ணிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "எங்க தெருக் கோயில் படியில கோடு கோடா இருக்கு சார், டார்ச் அடிச்சுப் பார்த்தேன்." ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். உளித் தடம். அவளோ அதற்குள் அடுத்த படிக்கு டார்ச்சைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.