மாவி தீவின் ஸ்டீல் கிட்டார் விழாவும் என் கைப்பையில் இருந்த எஃகு உருளையும்

வணக்கம். கோட்டுவாத்தியம் என்றும் அழைக்கப்படும் சித்திரவீணைப் பயிற்சியின் அடுத்த பகுதியை எதிர்பார்த்து வந்தவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும். ஹவாயின் மாவி தீவில் நடந்த ஸ்டீல் கிட்டார் விழாவுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன் என்பதால், இன்றைக்கு வேறு எதைப் பற்றியும் என்னால் பேச முடியாது.

2009ஆம் ஆண்டு தொடங்கிய அந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கிட்டாரை மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகு உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கி எழுப்பும் அந்த நாதத்தை நாள் முழுவதும் கேட்டும் எனக்கு அலுக்கவில்லை. திறந்த மேடையில் வேகத்தைக் காட்டுவதற்கென்றே ஏறியவர்கள்தான் அலுப்பூட்டினார்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்து, அடுத்த அடி தொடங்குவதற்குள் விலகிவிடும் வாசிப்பே எனக்குப் பிடித்த வாசிப்பு.

இனி எரிச்சலுக்கு வருவோம். ஏறக்குறைய 3 அங்குல நீளமும் ஒரு முனையில் உருண்ட வடிவமும் கொண்ட புதிய உருளை ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன். திரும்பும் வழியில் ஒரு விமான நிலையத்தில் பரிசோதகர் அதை வெளியே எடுத்து, மேசைமேல் உருட்டி, துணியால் துடைத்து, அந்தத் துணியை ஓர் இயந்திரத்துக்குள் செருகி, பிறகு இது எதற்கு என்று கேட்டார். கிட்டார் வாசிப்பதற்கு என்றேன். கிட்டார் எங்கே என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். அந்தப் பதில் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. மேலதிகாரி வரவழைக்கப்பட்டார்; அவரும் உருட்டிப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் என்னை முறைத்தது. கடைசியில் ஒரு வார்த்தையும் பேசாமல் உருளையைத் தட்டில் வைத்துத் தள்ளினார்கள், நானும் கோப்பை வென்றவளைப் போல அதை எடுத்துக்கொண்டு நடந்தேன். இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், ஒரு கீறல்கூட இல்லை.

இந்தக் கருவியைக் கார்ட்டூன் சத்தம் என்று முந்தைய காணொளியின் கீழே கேலி செய்தவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. லூனி டியூன்ஸ் கார்ட்டூன் படங்களின் தொடக்கத்தில் வழுக்கியபடி மேலேறும் ஒலியை வாசித்தவராகச் சொல்லப்படும் ஃப்ரெடி டவாரெஸ், 1913இல் இதே மாவி தீவில் பிறந்தவர். பின்னாளில் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரோடு சேர்ந்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வணிக அளவில் வெற்றி கண்ட முதல் மின்கிட்டாரும், 1930களின் தொடக்கத்தில் வந்த மடிக் கிட்டார்தான். ஆகவே, ராக் இசை ரசிகர்கள் கொஞ்சம் அடக்கத்தோடு பேசலாம்.

ஜோசப் கெக்குக்குவைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், சற்றுப் பின்னால் போக வேண்டும். 1874இல் ஓவாஹு தீவின் லாயியே என்ற சிற்றூரில் பிறந்த அவர்தான், பள்ளி மாணவனாக இருந்தபோதே தந்திகளின்மேல் எஃகை வழுக்கி வாசிக்கும் இந்த முறையைக் கண்டுபிடித்து வளர்த்தவர் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 1904இல் தீவை விட்டுக் கிளம்பிய அவர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்து, 1932இல் நியூ ஜெர்சியில் காலமானார்.

விழாவின் பயிலரங்கில் என்னை முழுமையாகக் கவர்ந்தது உருளையைச் சாய்த்துப் பிடிக்கும் வித்தை. ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்ட் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சி6 (C6) என்ற சுருதியமைப்பில், அதாவது ஆறு தந்திகளுக்கும் சுருதி சேர்க்கும் ஒரு முறையில், உச்சத் தந்தியிலிருந்து இறங்கினால் கா, தார சா, தா, பா, கீழ் கா, கீழ் சா என்று வரும். மேலிரண்டு தந்திகளில் சாவும் காவும், உருளை வைக்காமல் மீட்டினாலே, சேர்ந்து ஒலிக்கின்றன. ரியும் மாவும் சேர்ந்து வேண்டுமென்றால், சா தந்தியில் இரண்டாம் கட்டையும் (கட்டை என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கோடு) கா தந்தியில் முதல் கட்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், அதற்கு உருளை சாய்ந்தாக வேண்டும். மாவும் தாவும் ஐந்தாம் கட்டையில் நேராகவே கிடைக்கும். இப்படி நேர், சாய்வு, மறுபடி நேர் என்று மாறிமாறிப் போகும்போதும் சுருதி தளும்பக் கூடாது. கோட்டுவாத்தியத்தில் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்காக வழுக்கிப் பழகிய என் கைக்கு, ஒரே உருளையால் இரு சுரங்களை வெவ்வேறு கட்டைகளில் நிறுத்துவது முற்றிலும் புதிய வேலையாக இருந்தது.

வீட்டிலுள்ள சாதாரண கிட்டாரில் இதை முயலலாமா என்று கேட்பீர்கள். முயலலாம். தலைப்பகுதியில் தந்திகளைத் தூக்கி நிறுத்தும் சிறு உலோகத் துண்டைப் பொருத்தினால் போதும், தந்தி கட்டைகளில் இடிக்காது. ஆனால், சாதாரணத் தந்திகளோடு சி6 சுருதிக்குப் போகாதீர்கள்: டி (D) சுரத்தில் இருக்கும் நான்காம் தந்தியை ஜி (G) வரை ஏற்றும்போது அது அறுந்துபோகலாம். அந்தச் சுருதிக்கென்று தனியாக விற்கும் தந்தித் தொகுதியை வாங்கி மாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.