ஒரு ராத்திரி விழித்திருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கள்ளிச் செடி வளர்க்கிறேன் என்று சொன்னதுமே, "அதுக்கென்ன, தண்ணியே ஊத்த வேண்டாமே!" என்பார்கள். செடி உயிரோடு இருந்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. பழம் வேண்டுமென்றால் கதை வேறு. பட்டினி போட்ட கள்ளி எளிதில் சாகாது, காய்க்கவும் காய்க்காது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கள்ளி என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் இரண்டு குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறோம். திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஆமணக்கின் சொந்தக்காரர்கள். கீறினால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அவற்றில் நாம் தின்ன எதுவும் இல்லை. நான் பேச வந்தது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகமெல்லாம் பரவிய இன்னொரு குடும்பத்தைப் பற்றி: சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழம் போன்றவை. இவற்றில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு சின்ன மெத்தை இருக்கும். அந்த மெத்தை இருந்தாலும், பெயர் நிச்சயமாகத் தெரிந்த செடியின் பழத்தை மட்டுமே வாயில் வையுங்கள்.

சப்பாத்திக்கள்ளியிலிருந்து தொடங்குவது சுலபம். முற்றிய மடல் ஒன்றை வெட்டி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் சும்மா போட்டுவையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல்போல் ஆனபிறகு, மணல் கலந்த மண்ணில் கால்பங்கு புதையும்படி நட்டால் போதும். நான் முதலில் நட்ட மடலைக் காயவைக்கவில்லை. நட்ட அன்றே ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றினேன். பத்து நாளில் கூழாகிவிட்டது, நாற்றம் வேறு.

ஆனால் அதைவிடப் பெரிய முட்டாள்தனம், முதல் பழத்தைப் பறித்த கையோடு கடித்தது. பெரிய முள் இல்லையே என்ற தைரியம். பழத்தின் மேல் தூசிபோல இருப்பது சுணை. மயிரிழையைவிட மெல்லியது, நுனியில் கொக்கிகள் வேறு. இரண்டு நாள் உதட்டைத் தடவித் தடவி அவதிப்பட்டேன். இப்போது இடுக்கியால்தான் பறிக்கிறேன். முட்கரண்டியால் குத்திப் பிடித்து, இரு முனையையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் தோல் சட்டைபோலக் கழன்று வரும். விரலில் சுணை ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஒட்டுப்பசையைத் தடவிக் காயவிட்டு உரித்தால் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

இன்னொன்று, கழித்த மடலை வெளியே வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர் விடும். ஆஸ்திரேலியாவில் இந்த இனம் கோடிக்கணக்கான ஏக்கரை மூடிவிட்டது. 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து அதன் புழுக்களை மேயவிட்டுத்தான் அடக்கினார்கள்.

சரி, டிராகன் பழத்துக்கு வருவோம். இது பாலைவனச் செடியே அல்ல, மரத்தைப் பற்றி ஏறும் காட்டுக் கொடி. அதனால் மக்கிய உரமும், மேல்மண் காய்ந்ததும் தண்ணீரும் கேட்கும். ஆனால் தேங்கினால் வேர் அழுகிவிடும். பெரிய தொட்டி, அசையாத ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு வளையம். ஒரு தண்டை மட்டும் மேலே ஏற்றுங்கள், பக்கத் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள். உச்சியைத் தொட்டதும் நுனியை வெட்டினால் கிளைகள் பிரிந்து குடைபோலத் தொங்கும். தொங்கும் அந்தக் கிளைகளில்தான் பூ நிறைய வரும். விதை போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போத்து, அதாவது வெட்டிய தண்டுத் துண்டு வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் பூக்கும்.

பூத்துவிட்டால் பழம் வந்துவிடும் என்று நினைத்தேன். முதல் வருடம் ஏழு பூ, ஒரு பழம்கூட இல்லை. ஒவ்வொன்றாக மஞ்சளாகி, காம்போடு கழன்று விழுந்தது.

காரணம் இதுதான். அந்தப் பூ ஒரே ராத்திரிக்குத்தான். இருட்டியபின் விரியும், ஏறக்குறைய ஒரு அடி நீளம், வெள்ளை வெளேரென்று. காலை வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். சொந்தக் காட்டில் வௌவாலும் அந்துப்பூச்சியும் மகரந்தம் சுமக்கும். நம் வீட்டில் அந்த வேலைக்கு நாம்தான். அதோடு, பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு ரகத்துப் பூ வேண்டும். ஆகவே இரண்டு ரகம் வளருங்கள், அல்லது தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது மொட்டு பருத்து வாய் திறக்கப்போகும் அன்று டார்ச்சோடு போய்விடுவேன். பூவுக்குள் நூற்றுக்கணக்கான மஞ்சள் இழைகள், நடுவே மகரந்தத்தை ஏற்கும், நட்சத்திரம்போல் விரிந்த சூல்முடி. ஒரு பூவின் மகரந்தத்தைக் கிண்ணத்தில் தட்டி, மெல்லிய தூரிகையால் அடுத்த பூவின் சூல்முடி முழுக்கப் பூசுவேன். இரண்டு ரகமும் ஒரே நாளில் பூக்காவிட்டால், மகரந்தத்தை ஈரமில்லாத டப்பாவில் ஓரிரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு நாளில் பூ காய்ந்து தொங்கினாலும் அடிப்பகுதி பச்சையாகவே பருத்தால், பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு மாதம், ஒன்றேகால் மாதம்.

தோல் சிவந்த அன்றே பறிக்காதீர்கள், நாலைந்து நாள் பொறுங்கள். பறித்தபின் இது மேலும் இனிக்காது. சிவப்புச் சதை ரகம் என்றால் இன்னொரு செய்தி. சாப்பிட்ட பிறகு சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான். எனக்கு அது தெரியாமல், ஒரு காலையில் வீட்டையே எழுப்பிவிட்டேன்.

நன்றி, வணக்கம்.