ஒரு மில்லிக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

பசிபிக் சிப்பி ஒன்று ஒரே தடவையில் கோடிக்கணக்கான முட்டைகளை விட்டுவிடும். பொரிப்பகத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை, தொட்டிக்குத்தான் பஞ்சம். இருக்கிற தொட்டியிலேயே இன்னும் கொஞ்சம் லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து வரும் சிப்பிக் குஞ்சுகளை, விட்டால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசையால் லார்வாக்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

முட்டை கருவுற்று ஒரு நாளில் லார்வாவுக்கு இரண்டு ஓடும் வந்துவிடும். அப்போது அதன் நீளம் சுமார் 70 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஓட்டுக்கு வெளியே மெல்லிய மடல் ஒன்றை விரித்து, விளிம்பிலுள்ள நுண்மயிர்களை அசைத்து நீந்துகிறது. நுண்பாசியைப் பிடித்துத் தின்பதும் அதே மடலால்தான். பக்கத்து லார்வா வந்து மோதினால் மடலைச் சட்டென்று உள்ளே இழுத்து ஓட்டை மூடிக்கொள்ளும். மூடியிருக்கும்வரை நீச்சலும் இல்லை, சாப்பாடும் இல்லை. கூட்டம் கூடக் கூட மோதலும் கூடும், தின்னும் நேரம் குறையும்.

இதனால் லார்வாக்கள் உடனே செத்துவிடுவதில்லை. அதுதான் ஆபத்து. தொட்டியைப் பார்த்தால் எல்லாம் நன்றாக நீந்துவது போலவே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். வயிறார உண்ட லார்வாவின் செரிமானப் பகுதி பொன்னிறமும் பழுப்பும் கலந்து பளிச்சென்று இருக்கும். நெரிசலில் வளர்ந்ததில் அந்த நிறம் வெளிறிப் போயிருக்கும். என்னைக் கேட்டால், எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் அதே அக்கறையோடு இந்த நிறத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

சரி, தீனியைக் கூட்டினால் தீராதா? தீராது. தின்னாத பாசி அடியில் படியும், அழுகும். கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதோடு விப்ரியோ வகை பாக்டீரியாக்களும் பெருகும். அவை கிளம்பிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் தொட்டியே காலியாகிவிடும். நெருக்கமான தொட்டியில் நோய் பரவுவதற்குத் தூரமும் குறைவு.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு, மூன்று வாரத்தில் லார்வா சுமார் 300 மைக்ரானுக்கு வளர்ந்து, கண்புள்ளி வந்து, ஒட்டிக்கொள்ள இடம் தேடத் தொடங்கும். நீளம் நான்கு மடங்குதான் கூடியிருக்கும். ஆனால் உடலின் கன அளவு 70 மடங்குக்கும் மேல். முதல் நாள் தாராளமாக இருந்த தொட்டி, எண்ணிக்கை மாறாவிட்டால், கடைசி வாரத்தில் மூச்சுமுட்டும். அதனால்தான் தண்ணீரைத் தேக்கி வளர்க்கும் முறையில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 லார்வா வரை தொடங்கி, போகப் போகக் குறைத்து, ஒட்டும் பருவத்தில் 1 அல்லது 2 என்று கொண்டுவருகிறார்கள். தண்ணீர் மாற்றும்போது லார்வாக்களைச் சல்லடையில் பிடித்து, எண்ணி, பிரித்து விடுவார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டிகளில் மில்லிக்கு 100 வரைகூட வளர்க்க முடிகிறது. கழிவு வெளியேற, புதுத் தீனி இடைவிடாமல் வருவதுதான் அதற்குக் காரணம்.

சல்லடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கண்ணியில் நழுவும் சிறிய லார்வாக்களை மொத்தமாகக் கொட்டிவிடும் வழக்கம் உண்டு. அவை எல்லாமே நோஞ்சான்கள் அல்ல. சில மெதுவாக வளரும் மரபு கொண்டவை. அவற்றைத் திரும்பத் திரும்பக் கழித்தால் மிஞ்சும் குஞ்சுகளின் மரபு வேறுபாடு சுருங்கிவிடும். இடம் இருந்தால் அவற்றைத் தனித் தொட்டியில் விடுவதே நல்லது.

இத்தனை சொன்ன பிறகு ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். கண்புள்ளி வந்த லார்வாக்களை வேறு ஊருக்கு அனுப்பும்போது, தண்ணீரே இல்லாமல், லட்சக்கணக்கில் ஒரே ஈரத்துணியில் சுருட்டிக் குளிரில் வைத்து அனுப்புகிறார்கள். அத்தனை நெருக்கத்திலும் அவை சில நாள் தாங்குகின்றன. குளிரில் ஓட்டை மூடிக்கொண்டு நீந்தாமல், தின்னாமல் கிடப்பதால் போட்டியும் இல்லை, கழிவும் மிகக் குறைவு. போய்ச் சேர்ந்ததும் பழைய சிப்பி ஓடுகள் நிரப்பிய தொட்டியில், இதமான கடல்நீரில் அவற்றைப் பரவலாக விடுவார்கள். அங்கேயும் ஓர் ஓட்டுக்கு எத்தனை ஒட்ட வேண்டும் என்று எண்ணித்தான் விடுவார்கள். ஒரே ஓட்டில் அளவுக்கு மீறி ஒட்டினால், வளரும்போது ஒன்றையொன்று நெருக்கிக் கோணலாகிவிடும்.

நன்றி, வணக்கம்.