முட்டை உடையாம இறங்கணும்னா பாராசூட் எவ்வளவு பெரிசா வேணும்?

[திரை: 10 மீட்டர் உயர மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரில் ஒரு கோழிமுட்டை.]

இந்த முட்டையை இங்கேருந்து அப்படியே விட்டா, தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டரை நெருங்கிடும். மணிக்கு 50 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. காற்று தடுக்கலையா? தடுக்குது, ஆனா அந்தத் தடை எந்த மூலைக்கும் பத்தாது. 60 கிராம் முட்டையோட எடைக்குச் சமமா காற்றுத்தடை வளரணும்னா, அது நொடிக்கு 35 மீட்டர் வேகமாவது எடுக்கணும். 10 மீட்டருக்குள்ள அந்த வேகம் வராது.

காற்றுத்தடை நாலு விஷயத்தைப் பொறுத்தது: காற்றோட அடர்த்தி, பொருளோட பரப்பு, வடிவம், வேகம். இதுல வேகத்துக்கு மட்டும் தனி மவுசு, ஏன்னா தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு, மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. விழற பொருளோட வேகம் ஏற ஏற தடையும் ஏறி, ஒரு கட்டத்துல எடைக்குச் சமமா நிக்கும். அதுக்கப்புறம் வேகம் கூடாது. பாடப்புத்தகத்துல முற்றுத் திசைவேகம்னு படிச்சது இதைத்தான். அந்த வேகத்தை நமக்குத் தேவையான அளவுக்கு இறக்குறதுதான் பாராசூட்டோட வேலை.

[திரை: கணக்கு ஒவ்வொரு வரியாக எழுதப்படுகிறது.]

இலக்கு நொடிக்கு 3 மீட்டர். முட்டை, பேப்பர் கப், பிளாஸ்டிக் குடை (பாராசூட்டோட விரியற பகுதி), நூல் எல்லாம் சேர்த்து 100 கிராம், அதாவது 0.98 நியூட்டன் எடை. 30 டிகிரி வெயில்ல காற்றோட அடர்த்தி கனமீட்டருக்கு 1.16 கிலோ. வடிவம் காற்றை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ற வடிவ எண், தட்டையா வெட்டின வட்டக் குடைக்கு சுமார் 0.75. எடையை ரெண்டால பெருக்கினா 1.96. அதை 1.16, 0.75, வேகத்தோட வர்க்கமான 9 மூணோட பெருக்குத்தொகையால வகுத்தா குடையோட பரப்பு 0.25 சதுர மீட்டர். குறுக்களவு 56 சென்டிமீட்டர்.

இங்கே நிறைய பேர் கோட்டை விடுவாங்க. இந்த 56, தரையில விரிச்சுப் போட்ட ஷீட்டோட அளவு. காற்றுல உப்பி நிக்கும்போது வாய் சுமார் மூணுல ரெண்டு பங்காச் சுருங்கும். 0.75-ங்கற எண்ணுல அந்தச் சுருக்கம் ஏற்கெனவே அடங்கியிருக்கு, அதனால மறுபடி கழிக்கக் கூடாது.

[திரை: குப்பைப் பையை வெட்டும் கைகள்.]

மெல்லிசான குப்பைப் பை போதும். பருத்தித் துணி வேண்டாம். நெசவு வழியா காற்று கசிஞ்சு தடை குறைஞ்சிடும். 60 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி, பாதியா மடிச்சு, மறுபடி பாதியா மடிச்சு, அப்புறம் நடுமூலையிலிருந்து குறுக்கா ஒரு மடிப்பு. மூலையிலிருந்து 28 சென்டிமீட்டர் தூரத்துல வளைவா வெட்டுங்க. அதே மூலையோட நுனியை 3 சென்டிமீட்டர் விட்டு வளைவா நறுக்கிடுங்க. விரிச்சா வட்டம், எட்டு மடிப்புக் கோடு, நடுவுல 6 சென்டிமீட்டர் ஓட்டை.

ஓட்டை எதுக்கு? ஓட்டையில்லாத குடைக்குள்ள அடைபட்ட காற்று ஒருதரம் இந்தப் பக்கம், ஒருதரம் அந்தப் பக்கம்னு விளிம்பு வழியா பிதுங்கும். ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஆரம்பிச்சுடும். 1797 அக்டோபர் 22, பாரிஸ்ல ஆந்த்ரே ழாக் கார்னரன் பலூனிலிருந்து பாராசூட்ல இறங்கினப்போ இப்படித்தான் பயங்கரமா ஆடிக்கிட்டே வந்தார். நடு ஓட்டை அந்தக் காற்றுக்கு நிலையான ஒரு வழி. பரப்புல போறது வெறும் ஒரு சதவீதம்.

எட்டுக் கோடும் விளிம்பைத் தொடுற இடத்துல ரெண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, டேப் மேலேயே துளை போடுங்க. வெறும் பிளாஸ்டிக்ல போட்டா முதல் இழுப்புலேயே கிழியும். துளைகளை முட்டை வைக்கிற கப்போட இணைக்க 65 சென்டிமீட்டர் நூல் எட்டு. முடிச்சு போக 56 முதல் 60 மிஞ்சணும். நூல் ரொம்பக் குட்டையானா குடையோட வாயை உள்பக்கமா இழுத்துப் பரப்பைத் தின்னுடும். ஒரே ஒரு நூல் குட்டையா இருந்தாலும் குடை நேரா இறங்காது, ஒரு பக்கமா நழுவிப் போகும்.

கப்புக்கு அடியில கசக்கின செய்தித்தாள் 3 சென்டிமீட்டர் கட்டாயம். நொடிக்கு 3 மீட்டர்ங்கறது 46 சென்டிமீட்டர் உயரத்துலேருந்து விழற வேகம். சிமெண்ட் தரையில ஒரு மில்லிமீட்டருக்குள்ள நின்னா, ஓட்டுல விழற விசை எடையைப்போல 450 மடங்கைத் தாண்டும். 3 சென்டிமீட்டர் நசுங்கி நின்னா சுமார் 15 மடங்குதான்.

கணக்கு சரிதானான்னு பார்க்க போன் கேமரா போதும். நொடிக்கு 30 ஃபிரேம்ல எடுத்தா, கடைசி 2 மீட்டருக்கு 20 ஃபிரேம் வரணும். 15 தான் வந்துச்சா? வேகம் 4 மீட்டர். குறுக்களவை மூணுல ஒரு பங்கு கூட்டி 75 சென்டிமீட்டரா வெட்டுங்க.

[திரை: மடித்த குடை, பாதி வழியில் திறந்து கிழிகிறது.]

குடையை மடிச்சு விட்டா இன்னொரு தொல்லை. அது 3 மீட்டர் விழுந்த பிறகு திறக்குதுன்னா, அப்போ வேகம் 7.7 மீட்டர். நம்ம இலக்கைப்போல இரண்டரை மடங்கு. வர்க்கம்னு சொன்னோமே, தடை எடையைப்போல ஆறரை மடங்கா ஒரே அடியில விழும். எட்டு நூலும் ஒரே நேரத்துல இறுகாது. முதல்ல இறுகினதுதான் அத்தனையையும் தாங்கணும்.

ஸ்கைடைவிங்ல இது உயிர்ப் பிரச்னை. குப்புற விழறவர் வேகம் நொடிக்கு சுமார் 55 மீட்டர், குடை விரிஞ்ச பிறகு 5. பதினோரு மடங்கு. குடை கண்ணிமைக்கிற நேரத்துல முழுசா விரிஞ்சா, தடை உடல் எடையைப்போல 121 மடங்கு வரும், எலும்பு தாங்காது. அதனால கயிறுகளை வளையத்துக்குள்ள கோத்த ஒரு செவ்வகத் துணி, ஸ்லைடர், குடைக்கு அடியிலிருந்து மெதுவா கீழே நழுவும். அது இறங்குற வேகத்துலதான் குடை விரிய முடியும்.

ககன்யான் கலத்துல இதே வேலைக்கு மொத்தம் 10 பாராசூட். முதல் ரெண்டு மேல்மூடியைக் கழற்றும். அடுத்து 5.8 மீட்டர் குறுக்களவுள்ள ரெண்டு சின்னக் குடைகள் கலத்தை நிலைப்படுத்தி வேகத்தைக் குறைக்கும். அப்புறம் மூணு குட்டிக் குடைகள், 25 மீட்டர் குறுக்களவுள்ள மூணு பெரிய குடைகளை வெளியே இழுக்கும். பெரியதை முதல்லேயே திறந்தா கிழிஞ்சு போயிடும்.

காற்று மெலிஞ்ச இடத்துல கதை வேற. செவ்வாயில 2021 பிப்ரவரியில இறங்கின பெர்சிவரன்ஸ் ஊர்திக்கு 21.5 மீட்டர் பாராசூட் இருந்தும், வேகம் மணிக்கு சுமார் 320 கிலோமீட்டருக்குத்தான் இறங்கிச்சு. மிச்சத்தை ராக்கெட் எஞ்சின்கள் பார்த்துக்கிச்சு. நிலவுல காற்றே இல்லாததால, சந்திரயான்-3 லேண்டர்ல பாராசூட்டுக்கு வேலையே இல்லை.

மூணு பெரிய குடையில ஒண்ணு திறக்கலைன்னா? பரப்பு மூணுல ரெண்டாகும், ஆனா வேகம் ஒன்றரை மடங்கு ஆகாது. வர்க்கம் இங்கே நமக்கு உதவுது: ஏறுறது 22 சதவீதம் மட்டும். 1971 ஆகஸ்ட் 7, பசிபிக் கடல்ல இறங்கின அப்பல்லோ 15 கலத்தோட மூணு குடையில ஒண்ணு வழியிலேயே சுருங்கிப் போச்சு. கலம் கொஞ்சம் கூடுதல் வேகத்துல தண்ணியில மோதினாலும், மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. ககன்யானுக்கும் ரெண்டு குடை போதும்னுதான் வடிவமைச்சிருக்காங்க.